சிலோனில் என்ன பார்த்தீங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் முப்பது வருடத்துக்கு மேல் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். பிறகு அது ஜெராக்ஸ் கடையாகி, இப்போது மருமகன் பார்த்துக்கொள்கிறார். மனு அடிக்க வருகிறவர்கள், சான்றிதழுக்கு அலைகிறவர்கள், ஆய்வு என்று நோட்டோடு வரும் கல்லூரிப் பிள்ளைகள், அப்புறம் என் பேத்தி, எல்லாரும் நான் பிறந்த சிலோனைப் பற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்கிறேன் என்று பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். சரி, ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். பதில் சொல்கிறவள் பத்து வயதில் அந்த நாட்டை விட்டு வந்தவள். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் பிற்பாடு படித்தது, பெரியவர்கள் சொல்லிக் கேட்டது.

நீங்க சிலோன்காரங்களா? அப்ப அகதியா?

சிலோன்காரர்கள்தான், அகதி இல்லை. அரசாங்கத் தாள்களில் எங்களுக்குப் பெயர் "தாயகம் திரும்பியோர்". இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பல் ஏறியவர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்கள்தான் அகதிகள். இரண்டு கூட்டமும் மண்டபம் முகாமில் இருந்திருப்பதால் ஊரார் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 83க்குப் பிறகு அகதியாக வந்தவர்களிலும் எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வந்த எங்களுக்கு வாக்குச்சீட்டு, ரேஷன் கார்டு. பிந்தி வந்த அவர்களுக்கு முகாம். மனு அடிக்க வந்த ஒருவர் நான் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று தெரிந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

சிலோன்ல எந்த ஊரு, யாழ்ப்பாணமா?

யாழ்ப்பாணத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எங்களுடையது மலையகம். நுவரெலியா மாவட்டத்தில், அட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பக்கம், ஒரு தேயிலைத் தோட்டம். யாழ்ப்பாணத் தமிழர்கள் நூற்றாண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள். எங்கள் ஆட்களை வெள்ளைக்காரன் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கென்று கூட்டிப் போனார்கள். காப்பிச் செடி நோயில் அழிந்ததும் அதே மலைகளில் தேயிலை வந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் என்று பல பக்கத்திலிருந்தும் கங்காணிகள், அதாவது கூலி மேஸ்திரிகள், ஆள் சேர்த்தார்கள். என் அப்பாயி, அப்பாவின் அம்மா, துறையூர்ப் பக்கத்திலிருந்து 1920களில் சின்னப் பெண்ணாகப் போனவள்.

எதுக்கு இங்க வந்தீங்க? துரத்திட்டாங்களா?

பத்து வயதில் என்னிடம் கேட்டிருந்தால், "மேல இருந்து பேப்பர் வந்துச்சு, அதனால போறோம்" என்று சொல்லியிருப்பேன். பெரியவர்கள் எந்நேரமும் "மேல இருந்து பேப்பர் வரணும்" என்பார்கள். எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, நிமிர்ந்து பார்த்தால் சிவனொளிபாத மலை தெரியும். டிசம்பரிலிருந்து மே வரை யாத்திரைக் காலம். இரவில் உச்சிவரை படிக்கட்டு விளக்குகள் வரிசையாக எரியும். பேப்பர் அங்கிருந்துதான் இறங்கி வரும் என்று நான் நினைத்திருந்தேன். இன்னொரு கூத்து, "சிறிமா சாஸ்திரி" என்று பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்வதால் அது ஒரே ஆளின் பெயர் என்றும், அந்த ஆள்தான் மலை மேல் உட்கார்ந்து எழுதுகிறார் என்றும் முடிவு கட்டியிருந்தேன்.

பிற்பாடு தெரிந்துகொண்டது இது. சுதந்திரம் கிடைத்த கையோடு, 1948இல், இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதன்படி எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லாமல் போனார்கள். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டது அப்பாதான், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் பிறந்த நாட்டில் குடியுரிமை இல்லாத ஒருவர், பிள்ளைகள் அரைப்பட்டினி கிடந்த வருடத்தில் போட்ட கையெழுத்து அது. துரத்தினார்களா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார், அங்கேயே தங்கிவிட்டார். ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், பிறந்த இரண்டு பேர்.

தீவுல இருந்தீங்க, தினமும் கடல் பாத்திருப்பீங்களே?

கடலை முதல் தடவை பார்த்ததே அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய அன்று, தலைமன்னாரில். அதுவரை சிலோன் என்பது சுற்றிலும் தண்ணீர் உள்ள இடம் என்று புத்தகத்தில் படித்திருந்தும் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த சிலோனில் சுற்றிலும் மலை. தண்ணீர் என்றால் ஓடை, தண்ணீர் பிடிக்கிற பீலி, அப்புறம் கீழே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம். அதைத்தான் கடல் என்று நினைத்து, "நான் கடல் பாத்திருக்கேன்" என்று பள்ளிக்கூடத்தில் சாதித்து, தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

வீடு எப்படி இருந்துச்சு?

லயம். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு. எங்களுடையது பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கலாம். முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அதன் ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் விறகு. உள்ளே அப்பா, அம்மா, அப்பாயி, நான், தம்பி. எனக்கு அது நெருக்கடியாகத் தெரியவில்லை என்று சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளத் தயங்குகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ராத்திரி பயமே கிடையாது.

பயமெல்லாம் அட்டைக்குத்தான். மழைக் காலத்தில் வெறுங்காலோடு தேயிலைக்குள் நடந்தால் விரல் இடுக்கில் ஏறிவிடும். கடித்தது தெரியாது, காலில் ஈரம் பட்டுப் பார்த்தால் ரத்தம். அம்மா கட்டிச் சவுக்காரத்தை நனைத்து முழங்கால்வரை பூசி அனுப்புவாள். இன்றும் அந்தச் சோப்பு வாசனை வந்தால் காலைக் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் ரோதை முனி. ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபாக்டரியில், இயந்திரச் சக்கரங்களைக் காக்கிற சாமி. ராத்திரி ஸ்டோர் ஓடுகிற சத்தம் கேட்டால் "முனி பல்லைக் கடிக்குது, தூங்கு" என்பாள் அப்பாயி.

அம்மா அப்பா வேலைக்குப் போனா உங்களை யாரு பாத்துக்குவாங்க?

புள்ளைக்காம்பரா ஆயா. புள்ளைக்காம்பரா என்றால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். விடியுமுன் தப்பு அடிப்பார்கள். பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து மலைக்கு அனுப்புவார்கள். அம்மா இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைக் கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு என்னை ஆயாவிடம் விட்டுப் போவாள். நேரம் தப்பிப் போனாலோ கொழுந்து எடை குறைந்தாலோ அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். இந்தச் சொல்லை நான் அ, ஆவுக்கு முன்னால் கற்றுக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் இருந்துச்சா?

தோட்டப் பள்ளிக்கூடம், ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். மூன்றாம் வகுப்பு கணக்கைப் போடும்போது நான்காம் வகுப்புப் பாடம் காதில் விழும். அதனால் அடுத்த வருடம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கும். 1972இல் சிலோன் என்ற பெயரை ஸ்ரீலங்கா என்று மாற்றினார்கள். வாத்தியார் பலகையில் எழுதிப் போட்டார், நாங்களும் எழுதினோம். வீட்டில் யாரும் மாற்றவில்லை. இங்கே வந்த பிறகும் மாற்றவில்லை. எங்களை இன்றும் "சிலோன் காலனி" என்றுதானே சொல்கிறார்கள்.

வெள்ளைக்காரத் துரையைப் பாத்திருக்கீங்களா?

இல்லை. இந்தப் பதில் கேட்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை, அவர் குதிரை, அவர் நாய் எல்லாம் அப்பாயி கதைகளில் வருவார்கள். என் காலத்துத் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, ஒரு சிங்களவர், ஜீப்பில் வருவார். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த மாற்றம், பங்களாவுக்குப் போகிற பாதையில் இருந்த பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

என்ன சாப்பிட்டீங்க? இட்லி தோசை எல்லாம் உண்டா?

தீபாவளிக்கு உண்டு. மற்ற நாளில் காலையில் கோதுமை மாவு ரொட்டி, தேங்காய்ச் சம்பல், தேத்தண்ணி. ரொட்டி என்றால் இங்கே கடையில் விற்கிற பஞ்சு ரொட்டி இல்லை. மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, கையால் தட்டிக் கல்லில் சுடுவது. ஒன்று தின்றால் மத்தியானம்வரை வயிறு கேட்காது. சம்பலில் மாசிக் கருவாடு சேர்த்தால் அது சம்பள நாள் என்று அர்த்தம். தேத்தண்ணியில் பால் கிடையாது, சீனியும் கலக்க மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுத்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது தூள். நல்ல தேயிலை கப்பலேறிப் போய்விடும்.

பஞ்சம்னு எங்க தாத்தா சொல்வாரு. நெசமா?

நிஜம். 1973, 74. எனக்கு ஏழு எட்டு வயது. எண்ணெய் விலையும் தானிய விலையும் உலகம் முழுக்க ஏறிய நேரம். அந்நியச் செலாவணி இல்லாமல் அரசாங்கம் உணவு இறக்குமதியைக் குறைத்தது. கிராமத்தில் இருந்தவர்களுக்குக் கிழங்கு நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. எங்களுக்கு லயத்துக்கு முன்னால் இருந்த இரண்டு முழம் மண்தான், மற்றதெல்லாம் தேயிலை. பசிக்குத் தேயிலையைத் தின்ன முடியாது. தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள் என்பதைப் பிற்பாடு பலரும் எழுதியிருக்கிறார்கள்.

நான் பார்த்தது சிறியது. பாணுக்காக, அதாவது பிரட்டுக்காக, இருட்டோடு எழுந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கிழவர் வரிசையிலேயே உட்கார்ந்தார். யாரோ அவரைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள், வரிசை ஓர் ஆள் முன்னால் நகர்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அந்த வருடம் அம்மா ரொட்டி மாவில் மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் போட்டாள். எனக்கு அந்த ருசி பிடித்திருந்தது. பஞ்சம் முடிந்த பிறகும் "கிழங்கு போட்டுச் சுடு" என்று கேட்டு அழுதேனாம். அம்மா அடித்தாளாம்.

சிங்களம் பேசுவீங்களா? சிங்களவங்க உங்களை அடிச்சாங்களா?

பத்துவரை எண்ணத் தெரியும். எக்காய், தெக்காய், துணாய்... பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாண் விற்க வருகிற ஒருவர் சொல்லிக் கொடுத்தது. என்னை "நங்கி" என்பார், தம்பியை "மல்லி" என்பார். சிங்களத்தில் தங்கச்சி, தம்பி. தம்பிக்கு அது தெரியாமல், "என்னையக் கொத்தமல்லிங்கிறான்" என்று அப்பாவிடம் புகார் செய்தான்.

என்னை யாரும் அடித்ததில்லை. ஆனால் நாங்கள் கிளம்பியது 1976. அதற்கு அடுத்த வருடமே கலவரம். பெரியப்பா கடிதத்தில் "ரெண்டு ராத்திரி ஸ்டோரில் படுத்தோம், எல்லாரும் சுகம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். அப்புறம் 81, 83. ஒரு வருடம் பிந்திக் கிளம்பியிருந்தால் இந்தக் கேள்விக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆகவே பாண்காரரை வைத்து ஒரு நாட்டை எடைபோட வேண்டாம் என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்வேன். அவர் நல்லவர் என்பதும் மாறாது.

ரேடியோ சிலோன் கேட்டு வளர்ந்திருப்பீங்க, குடுத்து வெச்சவங்க!

எங்கள் லயத்தில் ரேடியோவே கிடையாது. கணக்கப்பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தது, வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றால் பாட்டு அரைகுறையாகக் கேட்கும். நான் இலங்கை வானொலியை ஒழுங்காகக் கேட்டது திருச்சி மாவட்டத்துக்கு வந்த பிறகுதான். தெருவில் பாதி வீட்டில் அதுதான் ஓடும். அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது பேசினால் பக்கத்து வீட்டு அக்கா, "உங்க ஊர் ஆளு பேசறாரு வா" என்று கூப்பிடுவாள். அவர் இருந்தது கொழும்பு, நான் பார்க்காத ஊர். இருந்தாலும் பெருமையாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

கெளம்பின நாள் ஞாபகம் இருக்கா?

அட்டன் ஸ்டேஷன் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரயிலை நாங்கள் கோச்சி என்போம். அந்தக் கோச்சிக்கு ஊரில் வைத்த பெயர் "அழுகைக் கோச்சி". ஏறுகிறவர்கள் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். நான் அழவில்லை. புது கவுன், முதல் தடவை கோச்சி, ஜன்னல் ஓரம். பெரியம்மா என் கையை விடாமல் பிடித்திருந்ததால் வெளியே பார்க்க முடியவில்லை என்று எனக்குக் கோபம்.

போல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாக ராத்திரி முழுக்கப் போனது. விடிந்தபோது மலை எங்கேயும் இல்லை. தம்பி எழுந்து, "மலையை எங்க வெச்சுட்டாங்க?" என்று கேட்டான். தலைமன்னார் துறையில் பெட்டிகளைத் திறந்து சோதித்தார்கள். அம்மா அம்மிக்கல்லைக் கொண்டுவந்திருந்தாள், "இந்தியாவுல கல்லு இல்லியா" என்று ஒரு அதிகாரி சிரித்தார். அப்புறம் ராமானுஜம் கப்பல். எல்லாரும் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்கள். பின்னால் தெரிந்தது நாங்கள் இருந்த மலை இல்லை, ஒரு பனங்காட்டுக் கரை. அப்பா அதைப் பார்த்துத்தான் அழுதார்.

ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். அங்கே போனதும் அப்பாயி ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கதான் எனக்கு ஊசி போட்டாங்க" என்றாள். உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோனுக்குப் போகிற ஆட்களை நோய் இருக்கிறதா என்று நிறுத்திப் பார்த்து அனுப்பிய முகாம் அது. அதே வழியாகத் திரும்பி வந்திருந்தாள்.

இந்தியாவைப் பாத்ததும் என்ன தோணுச்சு?

வெயில். அதற்கு அடுத்தது திசை. மலையில் எங்களுக்குத் திசை இரண்டுதான், மேலே, கீழே. மேல் லயம் என்றால் ஏற வேண்டும், கீழ் லயம் என்றால் இறங்க வேண்டும். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் முதல் வாரம் அம்மா என்னை மேலத்தெருக் கடைக்கு அனுப்பினாள். தெருத் தெருவாக ஏற்றத்தைத் தேடி அலைந்தேன். எல்லாம் சமதளம். கடைசியில் கோயில் திண்ணைதான் உயரமாக இருந்தது, அதில் ஏறி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இங்கே மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தாளில் எங்கள் சொந்த மாவட்டம் திருச்சி என்று இருந்ததால் அங்கே அனுப்பினார்கள், 5,000 ரூபாய் வியாபாரக் கடன் என்று ஒரு திட்டம். அப்பாவுக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தெரியும், வியாபாரம் தெரியாது. பெட்டிக்கடை எட்டு மாதம் ஓடியது. எங்களைப் போல எத்தனையோ குடும்பம் கடைசியில் மலையைத் தேடித்தான் நீலகிரிக்கு வந்தது. கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று அரசு தேயிலைத் தோட்டங்களே எங்கள் ஆட்களுக்காகத் தொடங்கியவைதான். கோத்தகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பாயி மூச்சை இழுத்து, "ம், இது ஊரு" என்றாள்.

உங்க தமிழே வேற மாதிரி இருக்குமாமே?

வேறு மாதிரி இல்லை, சில சொற்கள்தான். பாண், சீனி, கொப்பி, சவுக்காரம், கோச்சி, காம்பரா. இங்கே பள்ளியில் முதல் நாள் "கொப்பி கொண்டு வரல டீச்சர்" என்றேன், நோட்டைத்தான் சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கடையில் "அஞ்சு சதத்துக்கு முட்டாய்" என்று கேட்டுக் கிண்டல் பட்டேன். ஒரே மாதத்தில் எல்லாச் சொல்லையும் மாற்றிக்கொண்டேன். தம்பி மாற்றவில்லை, அவனுக்கு அடி அதிகம் விழுந்தது. இப்போது அவன் பேசினால்தான் எனக்கு அந்தச் சொற்கள் நினைவுக்கு வருகின்றன.

பத்து வயசுல வந்தவங்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்குமா? கதை விடறீங்களா?

பேத்தியின் கேள்வி. நியாயமானது. மேலே சொன்னதில் "அழுதேனாம்", "அடித்தாளாம்" என்று வருவதெல்லாம் கேட்டறிந்தது. மற்றது என்னுடையது என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று சொல்லக் காரணம் இருக்கிறது.

பழைய மஸ்கெலியா டவுனில் அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம். தேரின் சிவப்புத் துணி, பட்டாசுப் புகை, அப்பா தலை எண்ணெய் என் கையில் ஒட்டியது. ஆனால் அந்த டவுன் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மவுஸ்ஸாக்கலை அணை கட்டி 1969இல் நீர் தேக்கியபோது ஊரை மேலே மாற்றிவிட்டார்கள். கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். 1969இல் எனக்கு மூன்று வயது. பெரியப்பா மகனிடம் இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்துவிட்டார். "தோள்ல உக்காந்தது நானு. நீ பெரியம்மா இடுப்புல தூங்கிக்கிட்டு இருந்த." அவர் அந்தக் கதையைச் சின்ன வயதில் திரும்பத் திரும்பச் சொல்லி, நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. தெரிந்த பிறகும் அந்தச் சிவப்புத் துணி கொஞ்சமும் மங்கவில்லை. அதனால் என் பதில்களை அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

அங்க நல்லா இருந்துச்சா, இங்கயா?

எனக்கு அங்கே. ஏனென்றால் அங்கே நான் சிறு பிள்ளை. அம்மாவைக் கேட்டால், "ரெண்டு இடத்துலயும் கூடை கனந்தான்" என்பாள்.

இந்தியா சிலோன் மேட்ச்னா யாருக்குக் கை தட்டுவீங்க?

இதைக் கேட்காத ஆம்பிளைகள் கிடையாது. 1996 மார்ச் 13, உலகக் கோப்பை அரையிறுதி, கல்கத்தா. எங்கள் கடைக்கு எதிர் டீக்கடையில் டிவி. இந்தியா விக்கெட்டுகள் சரிய, மைதானத்தில் கலாட்டாவாகி ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்குக் கொடுத்தார்கள். டீக்கடையில் எல்லாரும் டிவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கிரிக்கெட்டில் ஒன்றும் தெரியாது. தட்டச்சு ரிப்பன் வாங்கப் போனவள்.

திரும்பிப் போய்ப் பாத்தீங்களா?

2013இல், ஐந்து நாள், கொழும்புக்கு விமானத்தில். ராமேஸ்வரம் கப்பல் 1984லேயே நின்றுவிட்டது. அண்ணன் வந்து கூட்டிப் போனார். லயம் அப்படியே இருந்தது, கூரைத் தகரம்தான் புதிது. "எங்க காம்பரா நாலாவது" என்று எத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்! போய் நின்றால், எந்தப் பக்கத்திலிருந்து நாலாவது என்று தெரியவில்லை. அண்ணன் குடும்பம் வேறு லயத்துக்கு மாறி வெகு காலம் ஆகிவிட்டது, அவருக்கும் சந்தேகம். கடைசியில் இரண்டு நாலாவது வீட்டிலும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு வீட்டில் அம்மா வயதுக் கிழவி ஒருத்தி, போனவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, நல்லா இருக்காங்களா என்று கேட்டாள். பாதிப்பேரை எனக்குத் தெரியாது. எல்லாரும் நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டேன்.

அப்ப உங்களுக்குச் சொந்த ஊரு எது?

விண்ணப்பத்தில் இந்தக் கட்டம் வந்தால் எங்கள் ஆட்கள் பேனாவைத் தூக்கிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். முதல் பதிலில் "தாயகம்" பற்றி மனத்தாங்கலாகச் சொல்ல ஒன்று பாக்கி வைத்தேன். அப்பா பிறந்தது மஸ்கெலியாப் பக்கம், அம்மா அட்டன் பக்கம், நாங்கள் அங்கேயே. நாங்கள் "திரும்பி" வந்த தாயகத்தில் அதற்கு முன் கால் வைத்திருந்த ஒரே ஆள் அப்பாயி. அவளுக்கும் துறையூரில் யாரையும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் நான் கோத்தகிரி என்று அடித்துக் கொடுப்பேன். யாரும் மறுத்ததில்லை.

எங்க தாத்தாவும் சிலோன்ல இருந்து வந்தவருதான். எதைத் தேடிப் பாக்கலாம்?

பழைய தகரப் பெட்டியைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும், பிள்ளைகள் பெயர் அதிலேயே ஏறியிருக்கும். முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருக்கும், கப்பலேறிய தேதி, அனுப்பிய மாவட்டம் எல்லாம் அதில் தெரியும். சாதிச் சான்றிதழ், வீட்டுமனை என்று எதற்குப் போனாலும் இந்த இரண்டையும் கேட்பார்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். மருமகன் கடையில் எடுத்தால் எங்கள் ஆட்களுக்குக் காசு கம்மி.

தாத்தா இருந்தால் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம் எல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். எத்தனையாவது காம்பரா என்று சொன்னால், எந்தப் பக்கத்திலிருந்து என்றும் கேட்டுவிடுங்கள்.